உப்புக் கேட்ட தென்னை

எங்கள் கொல்லையில் தென்னை கிடையாது. ஊரில் எல்லோரும் வைத்துவிட்டார்கள். நான் மட்டும் வைக்க விடவில்லை. கேட்பவர்களிடம் "இந்த மண்ணு அதுக்கு ஒத்துக்காது" என்று சொல்லி வாயை அடைத்துவிடுவேன். மண் மேல் பழி போடுவது சுலபம், அது திருப்பிப் பேசாது. உண்மையில் எங்கள் மண்ணில் ஒரு குறையும் இல்லை. ஐம்பதுகளில் அங்கே ஒரு தென்னை கொஞ்ச காலம் நின்றது. அது ஏன் வாடுகிறது என்று கண்டுபிடிக்க நாங்கள் பட்ட பாடு இருக்கிறதே, கண்டுபிடிக்காமலே இருந்திருக்கலாம் என்று பல தடவை நினைத்திருக்கிறேன்.

நான் பிறந்தது கட்டுமாவடிப் பக்கம். எங்கள் வீட்டுக்கும் கடலுக்கும் நடுவே இருந்தது வலை காயப்போடுகிற மணல் மட்டும்தான். வாழ்க்கைப்பட்டதோ திருமயத்துக்கு மேற்கே, கடப்பாறை போட்டால் தீப்பொறி பறக்கிற சரளைக்காட்டு ஊரில். வீட்டில் நான், என் வீட்டுக்காரர், மாமியார், ஆக மூன்று பேர். தலைப்பிரசவத்துக்குப் பிறந்த வீட்டுக்குப் போனேன். பெண் பிறந்தது. எங்கள் வீட்டில் ஒரு வழக்கம் உண்டு. மூத்த பிள்ளை பிறந்தால் நஞ்சுக்கொடியைத் தோட்டத்தில் புதைத்து, அதன் மேலேயே ஒரு தென்னம்பிள்ளையை வைப்பார்கள். அது அந்தப் பிள்ளையின் மரம். பிள்ளைக்கு என்ன பெயரோ அதுதான் மரத்துக்கும் பெயர். ஊருக்குப் போகும்போதெல்லாம் என் அண்ணன், "வா வா, ஒம் மக ஒன்னய விட ஒசந்துட்டா, வந்து பாரு" என்று என்னைத் தோட்டத்துக்கு இழுத்துக்கொண்டு போவார். என் மகளும் கூடவே ஓடிவந்து, மரத்தோடு முதுகை ஒட்டி நின்று உயரம் பார்ப்பாள். எப்போதும் மரம்தான் ஜெயிக்கும். அதற்கு அவள் அதை ஒரு அடி வைப்பாள்.

அவளுக்கு உப்பு என்றால் உயிர். சோற்று உப்பு அல்ல, கல்லுப்பு. மாசி பங்குனியில் மாமியார் புளியைக் கொட்டை எடுத்து உப்புப் போட்டுப் பானையில் அடைக்கும்போது பக்கத்தில் போய் உட்கார்ந்துகொள்வாள். "அப்பத்தா, ஒரே ஒரு உப்பு" என்று உள்ளங்கையை நீட்டுவாள். ஒரு கல்லை வைத்தால் நாக்கில் போட்டுக் கண்ணை மூடிக்கொள்வாள். கரைந்ததும் மறுபடி "ஒரே ஒரு உப்பு". "கடக்கரைக்காரி வயித்துல பொறந்ததாச்சே, புத்தி எங்க போகும்" என்று மாமியார் என்னைக் குத்திக்கொண்டே இன்னொரு கல்லை வைப்பார். குத்தல்தான், ஆனால் வாயெல்லாம் சிரிப்பாக இருக்கும்.

மூன்று வயது முடிந்த கையோடு அவளுக்கு முகம் வீங்கியது. காலையில் எழுந்தால் கண் திறக்காது. பிறகு கால், அப்புறம் வயிறு. டவுன் ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனோம். டாக்டர் மருந்து எழுதிக் கொடுத்துவிட்டுச் சொன்னார், உப்பு சேர்க்கவே கூடாது, ஒரு கல் கூட. அவர் சொன்னது சரிதான். அவர் மேல் எனக்கு ஒரு வருத்தமும் இல்லை.

மாமியார் உப்புப் பானையைப் பரண் மேல் ஏற்றினார். உப்பில்லாத கஞ்சியை அவள் துப்பினாள். என் வீட்டுக்காரர் சாப்பிட உட்கார்ந்தால் வட்டில் பக்கத்தில் வந்து நின்று, "அப்பா, ஒரே ஒரு உப்பு" என்பாள். அவர் பாதிச் சோற்றில் எழுந்து கையைக் கழுவிக்கொண்டு வெளியே போய்விடுவார். ஒருநாள் எங்கேயிருந்து எடுத்தாளோ, நாலைந்து கல்லைக் கையில் மூடி வைத்துக்கொண்டு பாயில் படுத்திருந்தாள். நான் பார்த்துவிட்டேன். விரல் விரலாகப் பிரித்து எடுத்தேன். வீங்கின பிஞ்சு விரல், அதில் அவ்வளவு பலம். கடைசி விரலைப் பிரிக்கும்போது எனக்கு மூச்சு வாங்கியது. அவள் அழவில்லை. வெறும் உள்ளங்கையை நக்கினாள். ஐப்பசி அடைமழையில் போய்ச் சேர்ந்தாள்.

கண்மாய்க்கரையில் அவளை வைத்துவிட்டு வந்த அன்றைக்கு என் வீட்டுக்காரர் தலையைத் துவட்டிக்கொண்டே, "இனிமே அந்தப் பேச்சு இந்த வீட்டுல வேணாம்" என்றார். கோபத்தில் சொல்லவில்லை, தாங்காமல் சொன்னார். நாங்களும் பேசவில்லை. பேசாமல் இருந்தால் ஆறிப்போகும் என்று எந்தப் புண்ணியவான் சொன்னானோ, அவன் வாயில் மண்ணைப் போட! ஆறவாவது! உப்பு என்கிற சொல்லே வீட்டில் இல்லாமல் போயிற்று. குழம்பில் குறைந்தால் குறைந்ததைத் தின்றோம், கூடினால் கூடினதைத் தின்றோம். வேண்டும் என்றும் சொல்வதில்லை, வேண்டாம் என்றும் சொல்வதில்லை. அவளுக்குப் பிறகு என் வயிற்றில் எதுவும் தங்கவும் இல்லை.

மறு வருஷம் தை மாதம் அண்ணன் வந்தார். கருவாட்டு வியாபாரம் பெருகிவிட்டதாம், தோட்டத்தில் கொட்டகை போடப் போகிறாராம். வெற்றிலையை மடித்தவர் வாயில் போடாமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தார். "அந்தத் தென்ன சரியா நடுவுல நிக்கிதுத்தா. வெட்டுறதுக்கு எனக்குக் கை வரல. நீயா ஒரு வார்த்த சொல்லிட்டீன்னா..." என்று இழுத்தார்.

"வெட்டிப் பாருங்க, ஒங்க கொட்டகையில மொதக் கருவாடா நாந்தான் தொங்குவேன்" என்று நான் கத்தின கத்தலில் மாமியார் அடுக்களையிலிருந்து ஓடி வந்துவிட்டார். என் வீட்டுக்காரர் எழுந்து போய் வண்டி அச்சுக்கு மசகு போட்டார். அதைப் பார்த்தபிறகுதான் எனக்கு மூச்சு வந்தது.

கடற்கரை மரத்தைப் பெயர்ப்பது லேசான காரியம் இல்லை. மணல் வேரோடு ஒட்டி நிற்காது, தோண்டத் தோண்டக் கொட்டிக்கொண்டே இருக்கும். நாலு ஆள் அகலமாகத் தோண்டி, அடியில் சாக்கைக் கொடுத்து, வைக்கோல் பிரியால் இறுக்கிக் கட்டித் தூக்கினார்கள். கொட்டின மணலை நான் ஒரு பிடி விடாமல் அள்ளி ஓலைக் கொட்டானில் போட்டேன். வேலைக்கு வந்த ஆள் ஒருவன், "மணலுக்கா பஞ்சம் ஒங்க ஊர்ல?" என்று சிரித்தான். அந்த மணலில் என்ன கலந்திருந்தது என்று அவனுக்குச் சொல்ல முடியுமா? கிழக்கே பார்த்த மட்டையில் அவளுடைய பழைய சிவப்புப் பாவாடையில் ஒரு துண்டைக் கிழித்துக் கட்டினேன். எந்தப் பக்கம் கிழக்கே பார்த்து நின்றதோ, புது இடத்திலும் அந்தப் பக்கம் கிழக்கே பார்க்கவேண்டும், திசை மாறினால் மரம் மிரண்டுபோகும் என்பார்கள்.

அறந்தாங்கி, அரிமளம் வழியாக மாட்டுவண்டியில் கொண்டுவந்தோம். குளம் கண்ட இடத்திலெல்லாம் நிறுத்திச் சாக்கை நனைத்தோம். டீக்கடைகளில் எழுந்து நின்று வேடிக்கை பார்த்தார்கள். "பொண்ணு அழைப்பா?" என்று ஒருத்தர் கேலி பண்ணினார். வண்டியில் நான் மரத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்த தோரணை அப்படி. என் வீட்டுக்காரர் திரும்பாமல், "ஆமா, எங்க பொண்ணுதான்" என்றார்.

கொல்லையில் கிணற்றுக்கும் மாட்டுக்கொட்டிலுக்கும் நடுவில் குழி. நான் கொண்டுவந்த மணலை அடியில் பரப்பினோம். தென்னை வைக்கும்போது குழியில் இரண்டு கை கல்லுப்புப் போடுவது எங்கள் பக்கம் எல்லோரும் செய்வதுதான். புளி அடைக்க வாங்கிக் கொட்டிலில் வைத்திருந்த மூட்டையிலிருந்து என் வீட்டுக்காரர் அள்ளி வந்தார். போடும்போது கை கொஞ்ச நேரம் குழிக்கு மேலேயே நின்றது. பிறகு போட்டார். சிவப்புத் துணியைக் கிழக்கே பார்க்க வைத்து மரத்தை இறக்கினோம்.

முதலில் நன்றாகத்தான் நின்றது. பிறகு அடிமட்டைகள் தொங்கின. வேர் அறுபட்ட மரம், மட்டை சாயத்தான் செய்யும் என்று ஆறுதல் சொல்லிக்கொண்டோம். பக்கத்து வீட்டம்மா கிணற்றுக்கு வந்தவர் மரத்தை நிமிர்ந்து பார்த்துவிட்டு, "கடக்கரையில நின்ன மரம்ல. உப்புக் காத்துக்கு ஏங்குதுத்தா" என்று சொல்லிவிட்டுக் குடத்தைத் தூக்கிக்கொண்டு போனார். சும்மா போகிற போக்கில் சொன்ன பேச்சு. மாமியார் அப்போது துணி உலர்த்திக்கொண்டிருந்தார். என் வீட்டுக்காரர் மாட்டுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்தார். மூன்று பேர் காதிலும் அது விழுந்தது.

மறுநாள் விடியலில் கொல்லை பெருக்கப் போகும்போது ஒரு பிடி கல்லுப்பை முந்தானையில் முடிந்துகொண்டு போனேன். யாரும் இல்லை என்று பார்த்துக்கொண்டு வேரைச் சுற்றித் தூவினேன். மேலே மண்ணைத் தள்ளித் தண்ணீர் ஊற்றினேன். சொன்னால் நம்பமாட்டீர்கள், அவள் போனபிறகு அன்றைக்குத்தான் எனக்குச் சோறு தொண்டையில் இறங்கியது. அதன்பிறகு ஒருநாள் தவறவில்லை. ஊருக்குப் போகிற நாளில்கூடப் போட்டுவிட்டுத்தான் போவேன். வீட்டில் சொல்லவில்லை. சொல்ல வேண்டுமானால் அந்தச் சொல்லைச் சொல்ல வேண்டும். அதை எடுத்தால் மற்றதெல்லாம் பின்னாலேயே வரும். எனக்கு அந்தத் தைரியம் இல்லை.

மரம் தேறவில்லை. இலை நுனி காய்ந்து, ஓரத்தில் பழுப்பேறி, நெருப்பில் வாட்டியது போல உள்நோக்கிக் கருகிக்கொண்டு வந்தது. நடுக்குருத்து விரியாமல் அப்படியே நின்றது. வண்டு விழுந்திருக்கும் என்று என் வீட்டுக்காரர் கம்பியை எடுத்துக் குருத்தடியில் விட்டுத் தேடினார். ஓட்டையும் இல்லை, சக்கையும் இல்லை. கரையான் என்று மாமியார் சந்தேகப்பட்டார், அடிமட்டையைக் கிழித்துப் பார்த்தோம், அதுவும் இல்லை. திசை மாறிவிட்டதோ என்று ஒருநாள் எனக்குப் பயம் வந்துவிட்டது. உச்சிவெயிலில் போய்ச் சிவப்புத் துணியைப் பார்த்தேன். கிழக்கே பார்த்துத்தான் இருந்தது. வெளுத்துப்போய் இருந்தது.

"கண்ணு பட்டுருச்சு" என்று மாமியார் முடிவுகட்டினார். "வண்டியில ஊர்கோலம் விட்டுல்ல கொண்டாந்தீங்க." எதையாவது என் தலையில் கட்டாவிட்டால் அவருக்குப் பொழுது போகாது. "ஆமா, மேளம் வச்சுக் கொண்டாந்தேன், நீங்க பாக்கல" என்று நானும் விடவில்லை.

இதற்கு நடுவில் அடுக்களையில் ஒரு சண்டை. பரணிலிருந்து இறங்கி வந்திருந்த அந்தப் பானை சீக்கிரம் சீக்கிரமாகக் காலியானது. "பான என்னத்தா இப்புடிக் காலியாகுது? வீட்டுல கல்யாணமா நடக்குது?" என்று மாமியார் கேட்டார். நான் எடுப்பது எனக்குத் தெரியும். ஆனால் நான் எடுத்த அளவுக்கு அது அத்தனை வேகமாகக் குறையக்கூடாது. அதனால் எனக்கும் கோபம் வந்தது. "எனக்கென்ன தெரியும்? நீங்க யாருக்கு அள்ளிக் குடுக்குறீங்களோ!" என்றேன். "எலி தின்னுருக்கும்" என்றார் அவர். எலி எங்கேயாவது அதைத் தின்னுமா என்று கேட்க வாயெடுத்தேன், கேட்கவில்லை. அவரும் உடனே வேறு பேச்சுக்குப் போய்விட்டார்.

என் வீட்டுக்காரரோ உழவுமாடு வாங்க அறந்தாங்கிச் சந்தைக்குப் போகிறேன் என்று பஸ் ஏறுவார். மாடு இல்லாமல் திரும்பி வருவார். "பல்லு சரியில்ல", "சுழி சரியில்ல" என்று ஏதாவது சொல்வார். "மாடு வாங்கத் தெரியாத மனுசனுக்குச் சந்தை எதுக்கு, பஸ் சார்ஜு எதுக்கு" என்று நான் பாட்டுக்கு வசவு பாடிக்கொண்டிருப்பேன். அவர் கேட்காதவர் போல வேட்டியை மாற்றிக்கொண்டு கொல்லைப் பக்கம் போய்விடுவார்.

சித்திரையில் கிராம சேவக் சைக்கிளில் வந்தார். பயிர் பச்சைக்கு யோசனை சொல்ல இவர்களை அப்போதுதான் சர்க்காரில் புதிதாக ஊர் ஊராக அனுப்பி வைத்திருந்தார்கள். சின்ன வயசு, பொறுமைசாலி. மட்டையைத் திருப்பிப் பார்த்தார், குருத்தைக் கட்டைவிரலால் அழுத்திப் பார்த்தார், கிணற்றுத் தண்ணீரை வாயில் விட்டுக் கொப்பளித்துப் பார்த்தார். "வண்டு இல்லீங்க. கெணத்துத் தண்ணி நல்ல தண்ணிதான். மண்ணும் மோசமில்ல" என்று யோசித்தவர், எங்களைப் பார்த்து, "உப்பு ஏதும் போடுறீங்களா?" என்று கேட்டார்.

அந்தச் சொல் கொல்லையில் அப்படியே நின்றது. நான் கோழியைப் பார்த்தேன். மாமியார் கொட்டில் கூரையைப் பார்த்தார். என் வீட்டுக்காரர்தான் கடைசியில், "நடும்போது ரெண்டு கை போட்டது. அதோட சரிங்க" என்றார். நான் மனதுக்குள் அவரைக் கும்பிட்டேன். நல்லவேளை, என்னைக் கேட்கவில்லை என்று. மாமியார் அவசர அவசரமாக, "மோரு குடிக்கிறீங்களா தம்பி" என்று உள்ளே போனார்.

"அப்பப் பரவாயில்ல. தண்ணி பத்தலன்னு நெனைக்கிறேன். சாம்பல் போடுங்க, நெறையத் தண்ணி விடுங்க" என்று சொல்லிவிட்டு, உப்பில்லாத மோரை முகம் சுளிக்காமல் குடித்துவிட்டுப் போனார் அந்தப் பிள்ளை. அந்த ஒரு கேள்விக்கு எங்களில் ஒருத்தர் வாயைத் திறந்திருக்கலாம். திறக்கவில்லை. மூன்று பேரும் நெஞ்சில் கல்லை வைத்துக்கொண்டு நின்றோம்.

தண்ணீர் நிறைய விடு என்றால் எங்கே போவது? வைகாசியில் கிணறு அடிமண் தெரிந்தது. கலங்கலாக ஊறுகிறதை வாளியில் இறைத்து முதலில் மரத்துக்கு ஊற்றினோம், மிச்சம்தான் மாட்டுக்கு. அவள் கிடந்த ஐப்பசியில் நிற்காமல் பெய்த மழை, இப்போது எட்டிக்கூடப் பார்க்கவில்லை. வானத்தைப் பார்த்து நான் திட்டாத திட்டு இல்லை. ஊற்றின தண்ணீர் வெயிலில் காய்ந்ததும் பாத்தி ஓரத்தில் மண் வெள்ளையாகப் பூத்தது. சாம்பல் என்று நினைத்துக்கொண்டேன்.

அப்புறம் இந்த மாட்டுத் தொல்லை. பக்கத்து வீட்டம்மாவின் செவலைப் பசு. கட்டின கயிற்றை அறுத்துக்கொண்டு, வேலியில் புகுந்து, நேராக எங்கள் தென்னைக்கு வந்து நிற்கும். விரட்டினால் போகும், திரும்பினால் வந்து நிற்கும். சோர்ந்து நிற்கிற மரம், இதில் இது வேறு இலையைக் கடிக்கிறதே என்று எனக்கு ஆத்திரம் பொங்கும். விளக்குமாறு, விறகுக்கட்டை, கையில் கிடைத்ததால் அடிப்பேன். அடி வாங்கிக்கொண்டும் தலையைத் தூக்காது. அப்படி ஒரு மாட்டை நான் கண்டதில்லை.

ஆனி மாதம் ஒருநாள் காலையில் குருத்தைத் தொட்டுப் பார்த்தேன். இழுக்கக்கூட இல்லை. சும்மா பிடித்தேன், கையோடு வந்துவிட்டது. அடி அழுகி, நாற்றம். அதைக் கையில் வைத்துக்கொண்டு நின்றேன். எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது. திரும்பினால் செவலை அங்கே நிற்கிறது. எனக்குக் கண்மண் தெரியவில்லை. விறகுக்கட்டையை எடுத்து அதன் முதுகில் வைத்தேன் பாருங்கள், பக்கத்து வீட்டம்மா வேலியைத் தாண்டி ஓடிவந்துவிட்டார்.

"வாயில்லாச் சீவன எதுக்குத்தா இந்த அடி அடிக்கிற? ஒனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

"ஒங்க மாடுதான் எம் மரத்தக் கொன்னுருச்சு. தின்னே கொன்னுருச்சு."

"எங்க தின்னுச்சு? காட்டு, ஒரு எலையில வாய் வச்ச தடம் காட்டு பாப்பம்" என்று அவர் என் கையைப் பிடித்து இழுத்தார். "அது மரத்த எங்க பாக்குது? மண்ணயில்ல நக்குது. அந்த மண்ணுல என்னத்தக் கொட்டி வச்சிருக்கீங்க, இந்த நக்கு நக்குறதுக்கு?" மாட்டைக் கழுத்துக் கயிற்றில் பிடித்து இழுத்துக்கொண்டு போனார். அது போகமாட்டேன் என்று காலை ஊன்றிக்கொண்டு திரும்பித் திரும்பிப் பார்த்தது.

நான் குனிந்து மண்ணைத் தொட்டு நாக்கில் வைத்தேன். ஒரே கரிப்பு, துப்பினேன். இன்னொரு பக்கம் தொட்டு வைத்தேன். அங்கேயும் அப்படியே கரித்தது. குழம்பில் ஒரு கல் கூடினாலும் சொல்லிவிடுகிற நாக்கு என்னுடையது. அது நான் போட்ட ஒரு பிடி இல்லை. ஒரு பிடி இப்படிக் கரிக்காது.

கொட்டிலுக்குப் போனேன். புளிக்கு வாங்கின மூட்டை அடியோடு சுருங்கிக் கிடந்தது. அந்த வருஷம் நாங்கள் புளி அடைக்கவே இல்லை. மூட்டைக்குப் பின்னால் சாக்கு போட்டு மூடி ஒரு மண்ணெண்ணெய்த் தகரம். மண்ணெண்ணெய் வாசனை இல்லை. மூடியைத் திறந்தேன். கட்டுமாவடி வாசனை. நான் பிறந்து வளர்ந்த வாசனை எனக்குத் தெரியாதா? விரலை விட்டு நக்கிப் பார்த்தேன்.

வயலிலிருந்து அவர் வரும்வரை அந்தத் தகரத்துக்குப் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தேன். வந்தவர் பார்த்தார். மண்வெட்டியைச் சுவரில் சாத்தினார்.

"என்னாங்க இது?"

"கடத் தண்ணி."

"ஏது?"

"சந்தைக்குன்னு போனேன்ல. அறந்தாங்கியில எறங்கி அங்கிட்டுப் போற பஸ்ஸுல ஏறிப் போனேன்."

"போறப்பல்லாமா?"

தலையை ஆட்டினார். "மண்ணெண்ணெய்யான்னு கண்டக்டர் கேட்டான். தீர்த்தம்னு சொன்னேன்."

எனக்குச் சிரிப்பா அழுகையா என்று தெரியாமல் ஏதோ ஒரு சத்தம் வந்தது. "நானும் போட்டேங்க. தெனம் ஒரு கை" என்றேன்.

அவர் என்னைப் பார்த்தார். "நீயுமா?"

"நானுந்தாம்ப்பா" என்று வாசற்படியிலிருந்து மாமியார் குரல் வந்தது. எப்போது வந்து நின்றாரோ. "செவ்வா வெள்ளி மரத்துக்குச் சுத்திப் போட்டேன். சுத்துன உப்ப அடுப்புல போடணும். நெருப்புல போட மனசு வரல, வேர்லயே போட்டேன்." முந்தானையை வாயில் அடைத்துக்கொண்டார். பிறகு எடுத்துவிட்டு, "மத்த நாள்லயும் போட்டேன்" என்றார்.

என் வீட்டுக்காரர் தகரத்தின் மூடியை எடுத்து மூடினார். மறுபடி திறந்தார். "கேட்டப்பக் குடுக்கல" என்றார். அவள் போனபிறகு அவர் அவளைப் பற்றி எங்களிடம் பேசின முதல் பேச்சு அது. "அத்தன தடவ கேட்டுச்சு. நான் எந்திரிச்சு எந்திரிச்சுப் போயிட்டேன்." சொல்லிவிட்டு அங்கேயே கொட்டில் மண்ணில் உட்கார்ந்து, ஆம்பிளை என்று பார்க்காமல், வாய்விட்டு அழுதார்.

பேசிவிட்டோம், பாரம் இறங்கிவிட்டது என்று நினைத்துக்கொள்ளாதீர்கள். அப்படியெல்லாம் ஒன்றும் இறங்கவில்லை. அன்று பொழுது சாய்வதற்குள் பாத்தி மண்ணையெல்லாம் வெட்டி அள்ளி வெளியே கொட்டினோம். மாமியார் முறத்தில் அள்ளினார். கண்மாயில் கிடந்த சேற்றுத் தண்ணீரை வண்டியில் கொண்டுவந்து ஊற்றினோம், உப்பு அடியில் இறங்கிப் போகட்டும் என்று. மறுநாளும் ஊற்றினோம், அதற்கு மறுநாளும். மூன்று பேரும் ஒன்றாகச் சேர்ந்து அந்த மரத்துக்கு ஒரு வேலை செய்தது அப்போதுதான். குருத்துப் போன தென்னை பிழைக்காது என்று கடற்கரையில் பிறந்த எனக்குத் தெரியும். தெரிந்துதான் ஊற்றினேன். அவர்களிடம் சொல்லவில்லை. அன்றைக்கு ஆஸ்பத்திரியில் இனிப் பிழைக்காது என்று டாக்டர் சொன்னதை என் வீட்டுக்காரர் என்னிடம் சொல்லாமல் வைத்திருந்தார், அது மாதிரி வைத்துக்கொள்ளுங்கள்.

ஆடிக்காற்றில் மட்டைகள் ஒவ்வொன்றாக விழுந்தன. கடைசியில் சிவப்புத் துணி கட்டின மட்டையும் விழுந்தது. துணியை அவிழ்க்கப் பார்த்தேன், நூல் நூலாகக் கையில் வந்தது. என் வீட்டுக்காரர் அடியைத் தோண்டிச் சாய்த்தார். புது வேர் ஒன்றுகூட விட்டிருக்கவில்லை. இருந்த வேரெல்லாம் கறுத்து நைந்து கிடந்தது. அடியில் நான் பரப்பின கட்டுமாவடி மணல் மட்டும் போட்டபடியே வெள்ளையாக இருந்தது. அவளை நாங்கள் இரண்டாவது தடவையாகத் தூக்கிக் கொண்டுபோய்ப் போட்டோம், அவ்வளவுதான். முதல் தடவை கொடுக்காமல், இந்தத் தடவை கொடுத்து.

குழியை அவர் மூடிக்கொண்டிருந்தபோது செவலை வந்தது. புதிதாக அறுத்த கயிறு கழுத்தில் தொங்கியது. வெளியே கொட்டியிருந்த பாத்தி மண்ணுக்கு நேராகப் போய் நாக்கைப் போட்டது. பழக்கத்தில் என் கை விளக்குமாற்றை ஓங்கியது.

"விடுத்தா" என்றார் மாமியார். "கேக்குதுல்ல, குடுத்துருவம்."

நான் விளக்குமாற்றைக் கீழே போட்டேன். என் வீட்டுக்காரர் மண்வெட்டியை ஊன்றிக்கொண்டு நின்றார். இருட்டும்வரை அது நக்கிக்கொண்டிருந்தது. நாங்கள் மூன்று பேரும் பார்த்துக்கொண்டே நின்றோம்.